கேட் போட்டிருக்கிறது

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
ஒரு பிறவி நிற்கலாம்.
என்ஜின் மட்டும் தனியாக வரும்,
எதையோ மறந்ததுபோல் திரும்பிப் போகும்.
பிறகு அதே என்ஜின், அதே முகம்.

ஸ்கூட்டரை அணைத்துவிட்டு
நூலகப் புத்தகத்தை எடுத்தேன்.
விடிகாலை ஐந்துக்கு எழச் சொல்லும்,
தினமும் ஒரு சதவீதம் முன்னேறச் சொல்லும் புத்தகம்.
எனக்கு முன் இரவல் வாங்கிய யாரோ
பென்சிலால் அடிக்கோடிட்டிருக்கிறார்,
ஸ்கேல் வைத்து,
ஒன்றாம் பக்கம் முதல் இருபத்துமூன்று வரை.
இருபத்துநாலிலிருந்து வெள்ளை வெளேர்.
அங்கே என்ன ஆயிற்று அவருக்கு?
முன்னேறிவிட்டாரா,
இல்லை கேட் திறந்துவிட்டதா?

ஒரு சதவீதம் என்றால் எனக்குத் தெரியும்.
கொள்முதல் நிலையத்தில் ஈரமானி என் கையில்தான்.
பதினேழு வரை எடுக்கலாம்.
பதினெட்டு காட்டினால்
"காயவச்சுக் கொண்டாங்க" என்பேன்,
புரட்டாசி வானம் மூடிக் கிடக்கையிலும்.
அந்த ஒன்றுக்காக ஒரு குடும்பம்
தார்ரோட்டில் நெல்லைப் பரப்பி
இரண்டு நாள் ஆடு விரட்டும்.

பக்கத்துக் காரில் கண்ணாடி ஏற்றியிருந்தது.
பாட்டு உள்ளே இருந்துகொண்டு
அடியை மட்டும் வெளியே அனுப்பியது,
கதவைத் தட்டும் கடன்காரன் மாதிரி.
மாதம் ஒரு ராகம் கண்டுபிடிக்கப் பழகுவதென்று
ஜனவரியில் சபதம்.
இதுவரை தெரிந்தவை இரண்டு:
தூக்கம் வருகிற ராகம்,
வராத ராகம்.
இது எது என்று யோசிப்பதற்குள்
கார்க்காரர் பாட்டை மாற்றிவிட்டார்.

கடலை விற்கும் ஜபருல்லா
போனில் பழைய காமெடி ஓடவிட்டிருந்தார்.
அடி விழும், ஆள் எழுவார், மறுபடி அடி.
முக்கியமான வசனம் வாயைத் திறந்தபோது
சரக்கு ரயில் வந்தது,
நாற்பத்திரண்டு பெட்டி,
நான் முத்திரை குத்திய மூட்டைகளும் இருக்கலாம் அதில்.
ஒரு எழுத்தும் கேட்கவில்லை.
ஆனாலும் சரியான இடத்தில் சிரித்தோம்.
பஸ் கண்டக்டர், நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டர்க்காரர்,
டிபன் பாக்ஸைத் திறந்து பாதி தின்றிருந்த பள்ளிப் பையன்,
நான்.

சிரிப்பு அடங்கியபோதுதான் பார்த்தேன்.
முன்னால் மொபெட்டில் வைரக்கண்ணு.
நேற்று சாயங்காலம், பதினெட்டு புள்ளி நாலு.
நாற்பது மூட்டையைத் திருப்பி அனுப்பினேன்.
அவரும் அதே வசனத்துக்குத்தான் சிரித்திருந்தார்.
அந்தச் சிரிப்பை இனி எங்கே வைப்பதென்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கடினமான உரையாடலைத் தொடங்க
பத்தொன்பதாம் பக்கத்தில் மூன்று வழி உண்டு.
மூச்சை ஆழ இழு. கண்ணைப் பார். பெயர் சொல்லு.
மூச்சை இழுத்தேன்.
டீசல் புகை. இருமல்.
மற்ற இரண்டுக்கும் போக முடியவில்லை.

அவர் கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.
"மேட்டூர் இன்னிக்கி எத்தன அடிம்மா?"
"தெரியலங்க, பேப்பர் பாக்கல."
பொட்டலத் தாளில் புயல் எச்சரிக்கை இருந்தது,
போன கார்த்திகையுடையது.
எண்ணெய் ஊறி,
எப்போதோ கரையைக் கடந்த புயல்.

"ராத்திரி தூறுச்சே" என்றேன்.
"தார்ப்பாய் போட்டேன்.
பாதிக்குத்தான் பத்துச்சு."

கேட் எழும்பியது.
இந்தப் பக்கம் முழுச் சாலையும் நாங்கள்,
அந்தப் பக்கம் முழுச் சாலையும் அவர்கள்,
தண்டவாளத்தின் மேல் மூக்கோடு மூக்கு.
எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னேறினோம்.
ஒருவரும் நகரவில்லை.
வைரக்கண்ணு மட்டும் எந்தச் சந்தில் நுழைந்தாரோ,
போய்விட்டார்.

இருபத்துநாலாம் பக்கத்தில்
கடலைத்தோல் ஒன்று ஒட்டியிருக்கிறது.
அடுத்து வாங்குகிறவர் என்ன நினைப்பாரோ.
ஞாயிற்றுக்கிழமை கெடு.

ஈரமானிக்குப் பேட்டரி மாற்றி
ஐந்து மாதம் ஆகிறது.